திரும்பத் திரும்ப ஓதலாமா?

கேள்வி: எங்கள் வீட்டில் உம்மா ஒரு தேவை வந்தால் யாஸீனை 41 தடவை ஓதுவார். ஒரே சூராவை இப்படித் திரும்ப ஓதுவதற்கு ஆதாரம் உண்டா?
– வாசகி, சோனகத் தெரு, யாழ்ப்பாணம்

பதில்: திரும்ப ஓதுவது நம் வணக்கத்தின் அடித்தளமே. ஐவேளைக் கடமைத் தொழுகையின் 17 ரக்அத்துகளிலும் பாத்திஹா ஓதுகிறோம். ஒருவர் இக்லாஸ் சூராவையே மீண்டும் மீண்டும் ஓதியதாக நபி (ஸல்) அவர்களிடம் கூறப்பட்டபோது, அது குர்ஆனின் மூன்றில் ஒரு பங்குக்கு ஈடு என்றார்கள்; இது புகாரியில் பதிவாகியுள்ளது. நபியவர்களே ஓர் இரவு முழுவதும் 5ஆம் அத்தியாயத்தின் 118ஆம் வசனத்தைத் திரும்பத் திரும்ப ஓதித் தொழுததாக அபூதர் (ரலி) அறிவிக்கிறார்.

ஆனால் 83 வசனங்கள் கொண்ட யாஸீனை 41 தடவை ஓத வேண்டும் என்ற கணக்குக்கு ஆதாரபூர்வமான ஹதீஸ் இல்லை. அது பெரியோர் வழக்கம். அதை மார்க்கக் கட்டளையாக்க வேண்டாம்.

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் உடைமைகளை விட்டு வெளியேற்றப்பட்டபோதும் மனனம் செய்த சூராக்கள் அவர்களோடு புத்தளம் வரை சென்றன. திரும்ப ஓதியதன் பலன் அது. உம்மாவைத் தடுக்காதீர்கள், பக்கத்தில் அமர்ந்து, தமிழில் பொருளையும் வாசித்துக் காட்டுங்கள்.