மின்விசையால் இயங்கும் இழுவைப்படகு

துறைமுகம் புகும் பெருங்கப்பல் தன் ஆற்றலால் மட்டும் கரையணைதல் அரிது. அதனைத் தள்ளியும் இழுத்தும் இடஞ்சேர்ப்பது இழுவைப்படகு. அப்பணிக்கு மின்விசை பொருந்துமோ என ஆராய்வோம்.

1838-ஆம் ஆண்டிலேயே யாக்கோபி என்னும் அறிஞர் உருசியாவின் நேவா யாற்றில் மின்கலத்தால் படகு செலுத்தினார். ஆயினும் பெருவிசை வேண்டும் பணிக்கு அது நெடுங்காலம் எட்டாக் கனியாகவே நின்றது. நியூசிலாந்தின் ஆக்லாந்து துறைமுகத்தார் 2016-இல் மின் இழுவைப்படகு வேண்டுமென வினவியபோது, கப்பல் கட்டுவோர் அதனைக் கனவென்றே கருதினர். 2022-இலோ 'ஸ்பார்க்கி' அத்துறையில் வந்து நின்றது. அதன் நீளம் ஏறத்தாழ 25 மீட்டர். இழுவிசை 70 டன். மின்கலங்கள் கொள்ளும் ஆற்றல் 2,784 கிலோவாட் மணி. அவை நிரம்ப இரண்டு மணி நேரம் போதும்.

இழுவைப்படகின் தொழில்முறையை நோக்கின் நம் வியப்பு நீங்கும். அது நெடுந்தூரம் செல்வதில்லை. சிறுபொழுதே பேராற்றல் வேண்டும். எஞ்சிய நேரம் காத்திருப்பே. அவ்வேளை டீசல் பொறி வீணே எண்ணெய் உண்ணும். மின்னோடி வாளாவிருக்கும், வேண்டுங்கால் தொடக்கத்திலேயே முழு முறுக்குவிசையும் தரும். பணி முடிந்தபின் தன் துறைக்கே மீளுதலின் மின்னேற்றமும் எளிது.

விலை டீசல் படகினும் ஏறத்தாழ இருமடங்கு. இயக்கும் செலவோ மூன்றில் ஒரு பங்கினும் குறைவெனத் துறைமுகத்தார் கணித்தனர். நிலக்கரியால் மின்சாரம் ஆக்கும் நாட்டில், துறையை நீங்கிய புகை வேறோர் ஊரின்மேற் கவியுமன்றோ? நியூசிலாந்தின் மின்சாரத்தில் ஐந்தில் நான்கு பங்கிற்கு மேல் நீர், காற்று, புவிவெப்பம் முதலியவற்றால் கிடைத்தலின், ஆங்கு அக்குறை பெரிதன்று.