சத்தத்தை அடக்குமுன்

அன்புத் தம்பிக்கு,

காமடோர் 64 கணினிக்கு ஒரு 1541 ஃப்ளாப்பி ட்ரைவ் கிடைத்துவிட்டது, ஆனால் ஃபார்மட் செய்யத் தொடங்கினாலே ‘டரடர’வென்று மேசையே அதிர்கிறது, உள்ளே பஞ்சு வைத்து அடைக்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். மின்மாற்றி அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. காற்றுத் துளைகளை அடைத்தால் சூட்டிலேயே வீணாகிவிடும்.

1982-இல் வந்த அந்த ட்ரைவில், டிஸ்கைப் படித்து எழுதும் ஹெட் முதல் தடத்துக்கு வந்துவிட்டதா என்று காட்ட சென்சார் கிடையாது. ஹெட் எங்கே நிற்கிறது என்று தெரியாவிட்டால், மொத்தமுள்ள 35 தடங்களையும் தாண்டும் அளவுக்கு அதை வெளிப்பக்கமாகத் தள்ளும். தடுப்பில் முட்டி நின்ற பிறகும் மோட்டார் தள்ளிக்கொண்டே இருக்கும். நீ கேட்பது அந்த முட்டல்தான். 1978-இல் வந்த ஆப்பிளின் டிஸ்க் II இயங்கத் தொடங்கும்போது கரகரப்பதற்கும் இதே காரணம்.

ஃபார்மட்டுக்கு எப்போதோ ஒருமுறை முட்டினால் கவலையில்லை. படிப்பதில் பிழை வந்தாலும் அது முட்டும் என்பதுதான் சிக்கல். அந்தக் கால விளையாட்டு டிஸ்குகள் பலவற்றில், நகலெடுப்பதைத் தடுக்க வேண்டுமென்றே பிழையான செக்டர்களை வைத்திருந்தார்கள். அவற்றை ஏற்றும்போதெல்லாம் ட்ரைவ் அடி வாங்கும். நாளடைவில் மோட்டார் தண்டில் இறுக்கியிருக்கும் சக்கரம் நழுவி, ஹெட் தடம் விலகிப்போகும். இதற்கு ஒரு வழி இருக்கிறது: ட்ரைவின் நினைவகத்தில் 106-ஆம் முகவரியில் வழக்கமாக 5 இருக்கும், எத்தனை முறை மீண்டும் முயல வேண்டும் என்ற கணக்கு அது. அதோடு 128-ஐக் கூட்டி 133 என்று எழுதிவிட்டால், பிழை வந்தாலும் முட்டாது. ட்ரைவை அணைத்தால் பழைய மதிப்புக்கே திரும்பிவிடும் என்பதால் ஒவ்வொரு முறையும் எழுத வேண்டும்.

எல்லாச் சத்தமும் கோளாறு அல்ல. அமிகா 500 கணினி காலி ட்ரைவோடு ‘டிக், டிக்’ என்பது நோயல்ல. டிஸ்க் போட்டிருக்கிறாயா என்று அறிய அது ஹெட்டை ஒரு தடம் நகர்த்திப் பார்க்கிறது. அதை நிறுத்தச் சிறு நிரல்கள் உண்டு. எல்லா ட்ரைவும் அதற்கு ஒத்துழைக்காது.

நீ பயப்பட வேண்டிய சத்தம் வேறு: டிஸ்க் சுழலும்போது கேட்கும் ‘கீச்’. கேட்ட மறுகணமே டிஸ்கை வெளியே எடு, இன்னொரு முறை முயன்று பார்க்காதே. பூஞ்சை பிடித்தோ, பூச்சு இளகியோ டிஸ்க் ஹெட்டில் ஒட்டி உரசுகிறது. உறையின் திறப்பு வழியாக, வெளிச்சத்தில் சற்றே சாய்த்துப் பார். வட்டமாக ஒரு கீறல் தெரிந்தால் அந்தத் தடத்திலிருந்த தகவல் போயிற்று. பல பழைய டிஸ்குகளில் இருப்பது ஒருவர் சின்ன வயதில் எழுதிய நிரலின் ஒரே பிரதி. அதனால்தான் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறேன்.

அடுத்த டிஸ்கைப் போடுமுன் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, காது குடையும் பஞ்சுக்குச்சியில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டு ஹெட்டை மெதுவாகத் துடை. பஞ்சில் பழுப்பு நிறம் வருவது நிற்கும்வரை குச்சியை மாற்றிக்கொண்டே இரு. 1541-இல் ஹெட் கீழே இருக்கும். மேல்கையில் இருப்பது டிஸ்கை அழுத்தும் கம்பளித் துண்டு, அதை நனைக்காதே. ஹெட் நகரும் கம்பிகளில் இறுகிப்போன பழைய கிரீஸையும் வழித்துவிட்டுப் புதிதாக மிகக் கொஞ்சம் தடவு.

பிறகு இரண்டு டிஸ்குகளைப் போட்டுப் பார்: இதே ட்ரைவில் எழுதியது ஒன்று, வேறு ட்ரைவில் எழுதியது ஒன்று. முதலாவதை மட்டும் படித்தால் ஹெட் விலகியிருக்கிறது. அப்படியானால் எந்த ஸ்க்ரூவையும் தொடாமல் எனக்கு எழுது.

அன்புடன்,
அண்ணன்