பட்டறைச் சத்தமும் நம் காதும்

சென்ற மாதம் நம் சங்கப் பொதுக்குழு முடிந்து எல்லோரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். உருக்காலையில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர், "ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தால் ராத்திரி வரை காதுக்குள் வண்டு கத்துகிற மாதிரி இருக்கிறது சார். தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வண்டு எனக்குப் பழக்கமானது. 1979ல் பாலிடெக்னிக் முடித்து ரயில்வேயில் சேர்ந்து, 2017ல் ஓய்வு பெறும் வரை பெரும்பாலான ஆண்டுகளை வேகன் பழுது பார்க்கும் பட்டறையில் கழித்தவன் நான். நம் குடும்பங்களில் பாதிப் பேராவது ஆலை, பட்டறை என்று பிழைக்க வந்தவர்கள்தாம். ஆகவே எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் சத்தத்தை அளக்கும் கணக்கு. இதற்கு அலகு டெசிபல். இது முழம், படி போல நேர்க்கணக்கு அல்ல. 90 டெசிபல் போடும் கம்ப்ரசர் ஒன்று ஓடுகிறது. பக்கத்தில் அதே போல் இன்னொன்றையும் ஓட்டினால் 180 ஆகாது, 93தான் ஆகும். அதாவது 3 டெசிபல் கூடினாலே ஒலியின் ஆற்றல் இரு மடங்கு. 10 கூடினால் பத்து மடங்கு. "எண்பத்தைந்துக்கும் தொண்ணூற்றைந்துக்கும் என்ன பெரிய வித்தியாசம்" என்று கேட்கும் மேலாளர்களுக்கு இதைத்தான் சொல்ல வேண்டும்.

காதின் உள்ளே நத்தைக்கூடு போன்ற ஓர் உறுப்பு இருக்கிறது. அதில் மயிரிழை போன்ற நுனிகளை உடைய செல்கள், ஒரு காதுக்குச் சுமார் 15,000, வரிசையாக நிற்கின்றன. ஒலியின் அசைவை நரம்புக்கு எடுத்துச் சொல்பவை இவைதாம். புல்தரையில் ஒருவர் ஒருநாள் நடந்தால் புல் மடங்கி மறுநாள் நிமிர்ந்துவிடும். தினமும் நடந்தால் ஒற்றையடிப் பாதை விழுந்துவிடும் அல்லவா? அதே கதைதான். அந்த இளைஞருக்கு இன்று புல் நிமிர்கிறது. ஆனால் மனிதக் காதில் இந்தச் செல்கள் ஒருமுறை செத்தால் மறுபடி முளைப்பதில்லை. மருந்தும் கிடையாது, அறுவை சிகிச்சையும் கிடையாது.

முதலில் கெடுவது 4,000 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் உள்ள உயர்ந்த சுருதி. இதனால்தான் ஆள் தன் குறையைத் தானே அறிவதில்லை. உயிரெழுத்துகளின் ஓசை தாழ்ந்த சுருதியில், வலுவாக இருக்கும், அது கேட்டுவிடும். வல்லின மெய்களின் ஓசை மெலிந்தது, பெரும்பாலும் உயர்ந்த சுருதியில் வருவது. ஆகவே "அம்மா" என்றால் சரியாகக் கேட்கும். சட்டை, தட்டை, கட்டை, பட்டை நான்கும் ஒன்றாகிவிடும். "எனக்குக் காது நன்றாகக் கேட்கிறது, நீதான் வாய்க்குள் முனகுகிறாய்" என்று வீட்டம்மாவிடம் சண்டை போடுபவர் பொய் சொல்லவில்லை.

இனி, நான் செய்த ஒரு தவறு.

1991ல் நான் சார்ஜ்மேன். எங்கள் ஷெட்டில் பழைய ரிவெட்டுகளை வெட்டி எடுப்பதும், காற்றுச் சுத்தியலால் செதுக்குவதும் நாள் முழுக்க நடக்கும். நூறு டெசிபலைத் தாண்டும் சத்தம். தகரக் கூரை அதை அப்படியே திருப்பி அனுப்பும். ஒருநாள் மேலே கிரேன் ஒரு போகி சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறது, மணி அடிக்கிறது, கீழே நம் ஊர்க்கார ஃபிட்டர் ஒருவர் குனிந்தபடியே நிற்கிறார். ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அத்தனை பேர் முன்னிலையில் அவரைத் திட்டித் தீர்த்தேன். மணி அடித்தும் நகராத அலட்சியம் என்று எழுதியும் கொடுத்தேன். அவருக்கு ஒரு வருட இன்கிரிமென்ட் நின்றது.

இரண்டு மாதம் கழித்துக் கோவிலில் அவர் மனைவி என் மனைவியிடம், "வீட்டிலும் இப்படித்தான் அக்கா. பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பவே மாட்டார். டி.வி. சத்தம் தெருக்கோடி வரை கேட்கும். பிள்ளைகள் சொல்வது பாதி புரியாமல் கோபித்துக்கொள்கிறார்" என்று சொல்லியிருக்கிறார். எனக்குச் சுருக்கென்றது. அவரை அழைத்துப்போய் ஆடியோகிராம் எடுக்க வைத்தேன். 4,000ல் கோடு கிணறு போல இறங்கியிருந்தது. அவர் மணியை அலட்சியம் செய்யவில்லை. மணி அவருக்குக் கேட்கவே இல்லை. நான் எழுதியதைத் திரும்பப் பெறக் கேட்டு மனுக் கொடுத்தேன். மேலே உள்ளவர்கள் முடிந்துபோன விஷயம் என்று மூடிவிட்டார்கள். அவர் என்னைக் குறை சொன்னதில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

இது ஒன்றும் புதிதாகக் கண்டுபிடித்த நோய் அல்ல. இத்தாலிய மருத்துவர் ரமாசினி, வெனிஸ் நகரத்துச் செம்புப் பாத்திரத் தொழிலாளர்கள் செவிடாவதைப் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுதிவிட்டார். 1886ல் கிளாஸ்கோவில் தாமஸ் பார் என்ற மருத்துவர் பாய்லர் செய்யும் தொழிலாளர்கள் நூறு பேரைச் சோதித்தார். ஒருவருக்குக்கூடக் காது சரியாக இல்லை. நம் நாட்டிலும் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், தெரிவிக்கப்பட வேண்டிய தொழில் நோய்களுள் ஒன்றாக இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு இடம்பெற்றிருந்தது. நான் பணியில் இருந்தபோது எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் என்பது வரம்பு. 95 என்றால் நான்கு மணி, 100 என்றால் இரண்டே மணி. எங்கள் ஷெட்டில் யார் மணி பார்த்தார்கள்?

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நாங்கள் செய்ததெல்லாம் சின்னச் சின்ன வேலைகள். காதுச் செருகி வாங்கிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிட்டால் கடமை முடிந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது கடைசி வழி. முதலில் சத்தத்தை அது பிறக்கும் இடத்திலேயே குறைக்க வேண்டும். தகடுகளை இரும்பு மேஜையில் போடும்போது எழும் சத்தத்துக்குப் பழைய ரப்பர் பெல்ட்டை வெட்டி விரித்தோம். காற்று சீறும் குழாய் முனைகளுக்கு சைலன்சர் பொருத்தினோம். கம்ப்ரசரைச் சுவருக்கு வெளியே தள்ளினோம். செதுக்கும் வேலையை ஷெட்டின் ஒரு கோடிக்கு மாற்றினோம். அதனால் அந்த வேலையில் இல்லாத இருபது பேர் தப்பித்தார்கள். கிரேனில் மணியோடு சுழலும் சிவப்பு விளக்கும் வைக்கச் சொல்லி வாங்கினேன். ரப்பர் பெல்ட்டுக்குக் காசே செலவாகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

செருகியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பஞ்சை உருட்டி வைப்பது வீண், இரைச்சலைத் தடுக்காது. நுரைச் செருகியை விரல்களால் மெல்லிய திரி போல உருட்டி, மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து உள்ளே விட்டு, அது விரியும் வரை விரலால் பிடித்திருக்க வேண்டும். பாதி வெளியே துருத்திக்கொண்டிருந்தால் போட்டும் போடாததுதான். இன்னொரு கணக்கு: 30 டெசிபல் தடுக்கும் கருவியை எட்டு மணி நேரத்தில் நான்கு மணி நேரம் கழற்றி வைத்தால், மொத்தத்தில் கிடைக்கும் பயன் 3 டெசிபல் அளவுதான். புழுங்குகிறது, அரிக்கிறது என்று கழற்றுபவர்கள் அதிகம். எங்கள் ஷெட்டின் மே மாத வெயிலில் நானும் கழற்றியிருக்கிறேன்.

கருவி இல்லாமலே ஒரு சோதனை உண்டு. கை நீட்டும் தூரத்தில், மூன்றடியில், நிற்பவரிடம் குரலை உயர்த்தினால்தான் பேச முடிகிறது என்றால் அங்கே 85 டெசிபலுக்கு மேல் இருக்கக்கூடும். வேலையில் சேரும் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே ஆடியோகிராம் எடுத்து அந்தத் தாளைப் பத்திரப்படுத்துங்கள். பிறகு வருடா வருடம் எடுத்து அதோடு ஒப்பிடுங்கள். சோதனைக்கு முன் குறைந்தது பதினான்கு மணி நேரமாவது சத்தத்தில் இருக்கக் கூடாது. ஷிஃப்ட் முடிந்த கையோடு போனால் கணக்கு தப்பும். அந்த நேரத்தில் காதில் பாட்டு மாட்டிக்கொள்ளவும் வேண்டாம்.

வீட்டில் இருக்கும் தாய்மார்களே, இந்தக் குறையை டாக்டருக்கு முன்னால் பார்ப்பது நீங்கள்தான். டி.வி. சத்தம் ஏறுவது, நாலு பேர் கூடிய இடத்தில் அவர் பேசாமல் ஒதுங்கி உட்காருவது, ஒரே கேள்வியை மூன்று முறை கேட்பது, இவற்றை வயதின் மேல் போட்டுவிடாதீர்கள்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு இரண்டு ஜோடி நுரைச் செருகிகள் கொண்டுவருகிறேன். எப்படிப் போடுவது என்று செய்து காட்டுகிறேன். கேள்வி கேட்பவர்கள் என் எதிரில் உட்கார்ந்து முகம் பார்த்துக் கேளுங்கள். பக்கவாட்டிலிருந்து கேட்டால் எனக்கும் பாதிதான் புரியும்.