பில் கவுன்ட்டரில் 'சரி' சொல்லாதே!

ஆடித் தள்ளுபடியோ தீபாவளி ஆஃபரோ, டிவி பார்த்து, விலை பேசி, பில் போடப் போகிற நேரத்தில்தான் அந்தப் பேச்சு வரும். "மேடம், இன்னும் மூவாயிரத்து ஐந்நூறு சேர்த்துக் கட்டிடுங்க, மூணு வருஷத்துக்குக் கவலையே இல்லை." பிள்ளை ஒரு பக்கம் கையைப் பிடித்து இழுப்பான். வீட்டுக்காரர், "போட்டுடு, நேரமாச்சு" என்பார். போதாக்குறைக்கு, 32 இஞ்சுக்கு மேற்பட்ட டிவிக்கு 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்ததே, அந்த மிச்சத்தை இதில் போடுங்கள் என்று கடைப் பையன் கணக்கும் சொல்வான். அந்த இடத்தில் மட்டும் தலையாட்டாதே கண்ணு. எக்ஸ்டெண்டட் வாரண்டியே கூடாது என்று நான் சொல்லவில்லை. சில டிவிக்கு அது தேவைதான். ஆனால் அதைக் கவுன்ட்டரில் நின்றுகொண்டு முடிவு பண்ணக் கூடாது.

பெரிய கம்பெனிகள் பலவும், டிவியோடு வரும் வாரண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே பிறகு பணம் கட்டி நீட்டித்துக்கொள்ள விடுகின்றன. எத்தனை நாளைக்குள் கட்ட வேண்டும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கஸ்டமர் கேருக்கு ஒரு போன் போட்டுக் கெடுவைத் தெரிந்துகொள். "இன்னைக்கு விட்டா கிடைக்காது" என்று கடையில் சொன்னால், அது பெரும்பாலும் கடை விற்கிற திட்டமாக இருக்கும். அதில் அவர்களுக்கு நல்ல கமிஷன் உண்டு.

இன்னொன்றையும் கேள்: "மூணு வருஷம்" என்றால் கம்பெனி சும்மா தரும் ஒரு வருஷத்தையும் சேர்த்தா, அது போக மூணா? சேர்த்துத்தான் என்றால் நீ காசு கொடுத்து வாங்குவது இரண்டே வருஷம். சில டிவிக்கு கம்பெனியே இரண்டு, மூன்று வருஷம் கொடுக்கிறது. அதற்கு மேல் யோசிக்கவே வேண்டாம்.

அடுத்தது, டிவியில் எது கெடும், அதற்கு என்ன செலவாகும் என்பது. இது தெரிந்தால் பாதி முடிவு வந்துவிடும். சத்தம் கேட்கிறது, படம் இல்லை என்றால் அறையை இருட்டாக்கி, திரைக்குப் பக்கத்தில் டார்ச் அடித்துப் பார். மங்கலாகப் படம் ஓடுவது தெரிந்தால் போனது பேக்லைட். டிவி ஆன் ஆகவே இல்லை என்றால் பெரும்பாலும் பவர் போர்டு. இந்த இரண்டையும் நம் ஊர் மெக்கானிக்கே பேனல், அதாவது திரை, விலையில் சிறு பங்குக்குச் சரிபண்ணிவிடுவார். ஆனால் திரையில் நெட்டுக்குத்தாகக் கோடு விழுந்தாலோ, பாதித் திரை இருண்டாலோ, பேனல் போயிருக்க வாய்ப்பு அதிகம். பேனல் மாற்றுகிற செலவு டிவி விலையில் பாதியைத் தாண்டும். சில மாடலுக்குப் புது டிவியே வாங்கிவிடலாம் போலிருக்கும்.

ஆகவே எக்ஸ்டெண்டட் வாரண்டி என்பது பேனலுக்காக வாங்குவது. திட்டத்தின் தாளில் பேனலும் சேர்த்தி என்று எழுத்தில் இருக்கிறதா பார். வாயால் சொன்னது செல்லாது.

நாம் உண்மையில் பயப்படுவது எதற்கு? ஐப்பசி மழையில் மின்னல் வெட்டும், கரண்ட் போய்த் திரும்பும்போது ஹை வோல்டேஜ் வரும். பிள்ளைகள் பந்தை எறிவார்கள். ஈரத்துணியால் துடைக்கப் போய்த் தண்ணீர் கீழ்விளிம்பில் இறங்கும். பல்லி உள்ளே போய்ச் செத்துக் கிடக்கும். வேடிக்கை என்னவென்றால், சாதாரண வாரண்டித் திட்டங்கள் பலவற்றில் 'இதற்கெல்லாம் பொறுப்பல்ல' என்ற பட்டியலில் இருப்பவை இவையேதான். ரிமோட், சுவர் ஸ்டாண்டு கூட அதில்தான் இருக்கும். ஓஎல்இடி வாங்குகிறாய் என்றால், ஒரே சேனலின் லோகோ திரையில் தழும்பாகப் பதிந்துவிடுமே, அதைச் சேர்த்திருக்கிறார்களா என்று தனியாகக் கேள். மின்னலுக்கு வாரண்டியைவிட ப்ளக்கைக் கழற்றுவதே மேல். ப்ளக்கோடு செட்டாப் பாக்ஸுக்கு வரும் கேபிளையும் கழற்று, அந்த வழியாகவும் மின்னல் இறங்கும்.

கம்பெனியே தரும் வாரண்டிக்கும், கடையோ ஆன்லைன் தளமோ வேறொரு நிறுவனத்தின் பெயரில் விற்பதற்கும் நிறைய வித்தியாசம். இரண்டாவது வகையில், ரிப்பேர் ஆகாது என்று முடிவானால், தேய்மானம் கழித்துக்கொண்டுதான் பணம் தருவார்கள். சில சமயம் பணமாகத் தராமல் அதே கடையில் வாங்க வவுச்சர் தருவார்கள். உன் ஊர் சின்ன ஊர் என்றால் ஆள் வீட்டுக்கு வருவாரா, டிவியை நீ தூக்கிக்கொண்டு போக வேண்டுமா என்பதையும் கேள். 43 இஞ்ச் டிவியைப் பஸ்ஸில் ஏற்ற முடியாதும்மா.

அக்கா கணக்கு இதுதான். பன்னிரண்டு, பதினைந்தாயிரத்துக்கு வாங்கும் 32 இஞ்ச் டிவிக்கு வேண்டவே வேண்டாம். அந்தக் காசைத் தனியாக எடுத்து வை, ரிப்பேர் வந்தால் உதவும், வராவிட்டால் உனக்கே. 55 இஞ்ச், 65 இஞ்ச், ஓஎல்இடி என்று அறுபதாயிரம், லட்சம் போட்டு வாங்கினால், கம்பெனியின் சொந்தத் திட்டம், பேனலோடு, வரியெல்லாம் சேர்த்து டிவி விலையில் பத்தில் ஒரு பங்குக்குள் வந்தால் வாங்கு. நடுவில் நிற்கும் 43 இஞ்சுக்கு நானாக இருந்தால் வாங்க மாட்டேன். ஊரில் நல்ல மெக்கானிக் இல்லாதவர்கள் வேண்டுமானால் யோசிக்கலாம்.

இஎம்ஐ-யில் எடுக்கிறாயா? பில்லை வரி வரியாகப் படி. நீ கேட்காமலே வாரண்டித் தொகையைக் கடனோடு சேர்த்துவிடுகிற கடைகள் இருக்கின்றன. கையெழுத்துப் போடுவதற்கு முன் எடுக்கச் சொல்.

வாங்குவது என்று முடிவாகிவிட்டால், டிவியைச் சுவரில் மாட்டுவதற்கு முன்பே பின்பக்கத்து சீரியல் நம்பரை போனில் படம் எடு. மாட்டிய பிறகு அது கண்ணுக்கே தெரியாது. பில்லையும் அன்றே படம் எடு, அந்த வழவழத் தாளில் அச்சு ஒரு வருஷத்தில் மங்கிவிடும். வாரண்டிச் சான்றிதழில் இதே சீரியல் நம்பரும், தொடங்கும் தேதியும் சரியாக இருக்கிறதா பார். ரிப்பேர் வந்தால் வெளி மெக்கானிக்கைத் திறக்க விடாதே, அதையே சாக்காக வைத்து மறுத்துவிடுவார்கள். புகார் எண்ணைக் குறித்து வை.

நியாயமான புகாரை இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு அங்கே வழக்குப் போடக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.