வீட்டுக் கொல்லையில் கோகம்

மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் அரபிக் கடலுக்கும் இடைப்பட்ட கொங்கணப் பகுதியில் சமையலுக்குப் புளிப்பூட்டுவது கோகம் பழத்தின் உலர்ந்த தோலாகும். குடம்புளிக்கு உறவான இம்மரம், மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி, சிந்துதுர்க் மாவட்டங்களிலும் கோவாவிலும் வீட்டுக் கொல்லைகளிலும் காட்டோரங்களிலும் வளர்கிறது. வளர்ந்த மரத்துக்குப் பாசனம் தேவையில்லை. தென்னை, கமுகு மரங்களிடையிலும் வளரும். ஆயினும் நெடுங்காலம் இது திட்டமிட்டு நடப்படவில்லை. இதற்குக் காரணங்கள் இரண்டு.

முதலாவது, கோகத்தில் ஆண் மரமும் பெண் மரமும் பெரும்பாலும் வெவ்வேறானவை. விதைக்கன்று எவ்வகையைச் சேர்ந்தது என்பது பூத்த பின்னரே புலப்படும். அதற்கு ஏழெட்டு ஆண்டுகள் ஆகலாம். பத்துக் கன்றுகள் நட்டால் ஏறத்தாழ ஐந்து காய்க்காமற் போகும். பெரிய தோட்டம் இவ்விழப்பைத் தாங்கும்; இரண்டு மரங்களுக்கே இடமுள்ள குடும்பத்தால் தாங்க இயலாது.

ஒட்டுக்கன்று இக்குறையை நீக்குகிறது. நன்கு காய்க்கும் பெண் மரத்தில் நேராக மேலெழும் இளந்தண்டையே ஒட்டுக்கு எடுத்தல் வேண்டும். பக்கக் கிளையிலிருந்து எடுத்தால் மரம் நிமிராது படரும். ஒட்டுக்கன்று நான்கைந்து ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கும். மகரந்தச் சேர்க்கைக்கு அண்மையில் ஆண் மரம் ஒன்று இருத்தல் நலம்.

மழைக்காலத் தொடக்கத்தில், 60 செ.மீ. நீளமும் அகலமும் ஆழமும் உள்ள குழியில் மேல்மண்ணும் மக்கிய தொழு உரமும் இட்டுக் கன்றை நடலாம். மரங்களுக்கிடையே 6 மீட்டர் இடைவெளி வேண்டும். முதல் இரு கோடைகளில் நிழலும் நீரும் அளித்தல் இன்றியமையாதது.

இரண்டாவது காரணம் மழை. பழங்கள் ஏப்ரல் முதல் ஜூன் வரை பழுக்கின்றன. ஜூனில் பருவமழை தொடங்கிவிடும். தோலைச் சாற்றில் பலமுறை நனைத்துக் காயவைப்பதற்குப் பல நாள் வெயில் தேவை. எனவே, பிந்திப் பழுப்பவை மழையில் வீணாகின்றன. 1972-இல் நிறுவப்பட்ட தாபோலி வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1997-இல் வெளியிட்ட 'கொங்கண் அம்ருதா' இரகம் மழைக்கு முன்பே பழுப்பதால் இவ்விழப்பு குறைகிறது. எஞ்சிய பழத்தோலைச் சர்க்கரையுடன் அடுக்கி ஊறவைத்துப் பானகச் சாறாக்கலாம். விதைக் கொழுப்பு அழகுப் பொருள் தயாரிப்புக்குப் பயன்படுகிறது.

நம்பகமான பெண் ஒட்டுக்கன்றும், ஊருக்கு ஓர் உலர்த்தும் கூடமும் கிடைக்குமாயின், கொல்லையில் வீணாகும் பழம் சிறு குடும்பத்தின் ஆண்டு வருவாயில் ஒரு பகுதியாகும்.