தொலைவிலிருந்து கூடும் அவை

மக்கள் கூடி வாழும் இயல்பினர். கூடி வாழ்வார்க்குக் கூடிப் பேசுதலும் இன்றியமையாததாகும். ஊர்ப் பொதுவிடத்தும், கோவில் மண்டபத்தும், பள்ளியிலும், வழக்கு மன்றத்திலும் மக்கள் காலந்தோறும் கூடிப் பேசி வந்துள்ளனர். அவ்வாறு கூடும் கூட்டத்தை அவை என்பர். அவைக்கு வாயில் உண்டு, தலைவர் உண்டு, பேசுவார்க்கு முறை உண்டு, கேட்பார்க்கு அமைதி உண்டு. இவற்றை அறிந்தவரே அவையில் நன்கு பங்குகொள்ள வல்லவர். அதனாலன்றோ திருவள்ளுவர் அவையறிதல், அவையஞ்சாமை என இரண்டு அதிகாரங்களை வகுத்தருளினார்!

இக்காலத்தில் புதியதோர் அவை தோன்றியுள்ளது. அதன் உறுப்பினர் ஓரிடத்தில் அமர்வதில்லை. ஒருவர் தம் வீட்டிலும், மற்றொருவர் அலுவலகத்திலும், வேறொருவர் கடல் கடந்த நாட்டிலும் இருப்பர். எனினும் ஒருவர் சொல்வதை அனைவரும் ஒரே வேளையிற் கேட்பர். தொலைபேசி வழியே குரலால் மட்டும் கூடுவதை ஒலிவழிக் கலந்துரையாடல் என்றும், இணையத்தின் வழியே ஒலியும் படமும் சேர வரக் கூடுவதை இணையவழிக் கலந்துரையாடல் என்றும் கூறுவர். அவற்றில் வழங்கும் சொற்கள் முதற்கண் புதியனவாகத் தோன்றும். ஆயினும் அவற்றுட் பெரும்பாலானவை பழைய அவையின் உறுப்புக்களையே குறிக்கின்றன. இதனை உணர்ந்தார்க்கு அச்சம் நீங்கும். உணராதார் அவையில் இருந்தும் இல்லாதவர் ஆவர்.

இவ்வவையின் வரலாறு அறிந்து இன்புறத்தக்கது. 1876ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 10ஆம் நாள், பாஸ்டன் நகரில், அலெக்ஸாண்டர் கிரகாம் பெல் என்னும் அறிஞர் தாம் அமைத்த கருவியின் வாயிலாக, அடுத்த அறையில் இருந்த உதவியாளர் தாமஸ் வாட்சனைத் தம்மிடம் வருமாறு அழைத்தார். அச்சொற்கள் கம்பி வழியே தெளிவாகக் கேட்டன. வாட்சன் விரைந்து வந்தார். தொலைபேசி பிறந்தது.

ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழிந்தன. 1915ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 25ஆம் நாள், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கீழ்க்கரையையும் மேல்கரையையும் இணைக்கும் தொலைபேசித் தடம் முறைப்படி திறக்கப்பெற்றது. பெல் நியூயார்க்கில் இருந்தார். வாட்சன் சான்பிரான்சிஸ்கோவில் இருந்தார். இடைப்பட்ட தடமோ ஏறத்தாழ 3,400 மைல் நீளமுடையது. நாட்டின் தலைவர் உட்ரோ வில்சன் வாஷிங்டனிலிருந்தும், தொலைபேசி நிறுவனத்தின் தலைவர் தியோடர் வெயில் ஜெக்கில் தீவிலிருந்தும் அவ்வுரையாடலிற் கலந்துகொண்டனர். பெல் பழைய சொற்களையே மீண்டும் கூறி வாட்சனை அழைத்தார். அங்கு வந்து சேர இப்பொழுது ஒரு வாரம் ஆகுமே என்று வாட்சன் விடை பகர்ந்தார். ஆள் சென்றடைய ஒரு வாரம் வேண்டிய இடத்திற்குச் சொல் நொடிப்பொழுதிற் சென்றது.

மறு ஆண்டில் அதனினும் பெரிய செயல் ஒன்று நிகழ்ந்தது. 1916ஆம் ஆண்டு மே திங்கள் 16ஆம் நாள், அமெரிக்க மின்பொறியாளர் கழகத்தார் எட்டு நகரங்களில் ஒரே வேளையிற் கூடினர். நியூயார்க், பாஸ்டன், பிலடெல்பியா, அட்லாண்டா, சிகாகோ, டென்வர், சால்ட்லேக் நகரம், சான்பிரான்சிஸ்கோ என்பன அந்நகரங்கள். கூடினோர் தொகை 5,000க்கும் மேற்பட்டதாகும். இருக்கைகள்தோறும் காதில் வைத்துக் கேட்கும் கருவி பொருத்தப்பெற்றிருந்தது. கழகத் தலைவர் ஜான் கார்ட்டியின் தலைமையில் அவை தொடங்கியபோது, நகரங்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக விளிக்கப்பெற்றன. ஒவ்வொரு நகரமும் தன் முறை வந்தபோது மறுமொழி தந்தது. கருவி புதிது, அவைமுறையோ பழையது. இவ்வொன்றை மறவாது மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

பின்னர், முகத்தையும் காட்டும் தொலைபேசியை அமைக்க அறிஞர் முயன்றனர். 1964ஆம் ஆண்டு நியூயார்க் உலகக் கண்காட்சியில் 'பிக்சர்போன்' என்னும் கருவி மக்களுக்குக் காட்டப்பெற்றது. அவ்வாண்டிலேயே நியூயார்க், வாஷிங்டன், சிகாகோ ஆகிய நகரங்களில் அதற்கெனத் தனிக் கூடங்கள் திறக்கப்பெற்றன. மூன்று நிமிடம் பேச 16 டாலர் முதல் 27 டாலர் வரை கட்டணம் ஆயிற்று. அத்துணைப் பொருள் செலவிட எளியோரால் இயலுமோ? அக்கருவி பரவாது மறைந்தது. இணையம் வளர்ந்த பின்னரே முகம் கண்டு பேசுதல் எளிதாயிற்று. 2020ஆம் ஆண்டு கொரோனா நோய் உலகெங்கும் பரவியபோது மக்கள் வீட்டை விட்டு வெளியேற இயலாது போயிற்று. 'சூம்' என்னும் ஒரே அமைப்பில், 2019 டிசம்பரில் நாளொன்றுக்கு ஒரு கோடியாக இருந்த பங்கேற்பு, 2020 ஏப்பிரலில் 30 கோடியாக உயர்ந்தது. ஒருவரே பல கூட்டங்களிற் சேர்ந்ததும் இக்கணக்கில் அடங்கும். அவ்வாண்டு ஏப்பிரல் 6ஆம் நாள், இந்திய உச்ச நீதிமன்றமும் காணொலி வாயிலாக வழக்குகளைக் கேட்பதற்கு நெறிமுறைகளை வகுத்து ஆணை பிறப்பித்தது. பள்ளிப் பாடமும், மருத்துவர் அறிவுரையும், வழக்குரையும் இவ்வவையை நாடி வந்தன.

இனி, இவ்வவை இயங்கும் வகையைக் காண்க. தொலைபேசி வழிக் கூட்டத்தில் பல இடங்களிலிருந்து புறப்படும் குரல்கள் நடுவிடத்தில் உள்ள கருவி ஒன்றை வந்தடைகின்றன. கரைகளை இணைப்பதுபோல் மக்களை இணைத்தலின் அதற்குப் 'பாலம்' என்று பெயர். பாலம் எல்லாக் குரல்களையும் ஒன்றாகக் கலந்து ஒவ்வொருவர்க்கும் அனுப்புகிறது. ஒருவர்க்கு அனுப்பும்போது அவர்தம் குரலை மட்டும் நீக்கிவிடுகிறது. அவ்வாறு நீக்காவிடில், பேசுவார்க்குத் தம் சொல்லே சற்றுப் பின்னர்த் திரும்பக் கேட்டு நாத் தடுமாறும். ஓர் அறையில் இருவர் தனித்தனிக் கருவி வைத்திருப்பினும், ஒலிபெருக்கியின் ஓசை ஒலிவாங்கியிற் புகுந்து எதிரொலி எழும். காதிற் பொருத்தும் கருவியை அணியின் அது நீங்கும்.

அவைக்குட் புகும் வழிகள் பலவாகும். இணையத்தோடு இணைந்த கணினி அல்லது கைப்பேசி வழியாகவே கேட்டும் பேசியும் சேர்வதைக் 'கணினி ஒலி' என்பர். இணையம் இல்லாதவர், குறித்த தொலைபேசி எண்ணை அழைத்து, பின்னர்க் கூட்ட எண்ணையும் ஹேஷ் குறியையும் அழுத்திச் சேரலாம். இஃது 'உள்ளழைப்பு' எனப்படும். அவ்வமைப்பே உறுப்பினரின் தொலைபேசியை அழைத்துச் சேர்த்துக்கொள்வது 'வெளியழைப்பு' ஆகும். உள்ளழைப்பில் அழைப்பவர் கட்டணம் செலுத்துவர். 'கட்டணமில்லா எண்' தரப்பெற்றிருப்பின் கூட்டத்தை நடத்துவோர் அதனை ஏற்பர். இவையன்றி, மூவர் நால்வர் மட்டும் பேசுவதற்குக் கைப்பேசியிலேயே வழியுண்டு. முதல்வரோடு பேசிக்கொண்டிருக்கும்போதே அவரைச் சற்றுக் காத்திருக்கச் செய்து, அடுத்தவரை அழைத்து, பின் இரண்டு அழைப்புக்களையும் ஒன்றாக்கலாம். முன்னதை 'ஹோல்டு' என்றும், பின்னதை 'இணைத்தல்' என்றும் வழங்குவர்.

வாயில் உண்டேல் காவலும் வேண்டும். கூட்ட எண் என்பது வீட்டு முகவரி போன்றது. கடவுச்சொல் என்பது திறவுகோல் போன்றது. 'காத்திருப்பு அறை' என்பது வீட்டுத் திண்ணை. வந்தவரைத் திண்ணையில் இருத்தி, இன்னார் என அறிந்து உள்ளே அழைப்பது இல்லத்தார் மரபன்றோ? 2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், அமெரிக்கப் பள்ளிகள் நடத்திய இணைய வகுப்புக்களில் அயலார் புகுந்து தகாதன பேசினர். அந்நாட்டுக் கூட்டரசுப் புலனாய்வுத் துறை அதுபற்றி மக்களை எச்சரித்தது. ஆதலின் கூட்ட எண்ணையும் கடவுச்சொல்லையும் யாவரும் காணும் இடத்தில் வெளியிடுதல் தகாது.

அவைத் தலைவரை 'ஹோஸ்ட்' என்பர். திண்ணையில் இருப்பவரை உள்ளே விடுதலும், ஒழுங்கு குலைப்பவரை வெளியேற்றுதலும், எல்லோர் ஒலியையும் அடக்குதலும் அவர்க்குரிய அதிகாரங்கள். ஒலியை அடக்குதலை 'மியூட்' என்று கூறுவர். ஒலியடக்கியவர் பிறர் பேச்சைக் கேட்பர். அவர் பேச்சைப் பிறர் கேளார். அவையில் அமைதி காத்தற்கு ஏற்பட்டது இது. பேச விரும்புவோர் 'கை உயர்த்து' என்னும் குறியைத் தொட்டால் தலைவர்க்கு அடையாளம் தோன்றும். கணினியில் இவை கண்முன் உள்ளன. தொலைபேசியில் அழைத்தவர்க்கோ பொத்தான்களே துணை. பல அமைப்புக்களில் உடுக்குறியையும் அதனை அடுத்து 6 என்னும் எண்ணையும் அழுத்தின் ஒலியடக்கம் நீங்கும். மீண்டும் அழுத்தின் அடங்கும்.

இச்சிறு செய்தியை அறியாமையால் விளையும் கேட்டை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். ஏரிப்பாசனம் உடைய ஓர் ஊரைக் கருதுக. பாசனச் சங்கத்தார் மாலையில் இணைய வழியே கூடுகின்றனர். கடைமடையில் நிலமுடைய முதியவர் ஒருவர், மகளின் பேறுகாலத்தை முன்னிட்டு வெளியூர் சென்றுள்ளார். அவரிடம் இருப்பது சிறிய தொலைபேசியே. அதன் வழியே அவரும் அவையிற் சேர்ந்தார். ஓசை மிகுந்ததால் தலைவர் அனைவர் ஒலியையும் அடக்கியிருந்தார்.

"நாளைக் காலையில் மதகை அடைத்துவிடலாம் என்று எண்ணுகிறோம். மறுப்பவர் எவரேனும் உளரா?" என்று தலைவர் வினவினார்.

"ஐயா, எங்கள் வயலுக்கு இன்னும் தண்ணீர் எட்டவில்லை! நான்கு நாள் பொறுத்து அடையுங்கள்" என்று முதியவர் உரத்துக் கூறினார். அவர் குரல் அவரிருந்த அறையைக் கடக்கவில்லை. மீண்டும் கூறினார், மன்றாடினார். அவையோ அமைதியாக இருந்தது. மறுப்பார் இல்லை எனக் கொண்டு தலைவர் தீர்மானத்தை எழுதப் புகுந்தார். பயிர் கருகுமே என்று முதியவர் நெஞ்சம் பதைத்தது.

அவ்வேளையில், சங்கச் செயலாளர்க்கு உதவியாக இருந்த மாணவன் ஒருவன், திரையில் பெயரின்றி எண் மட்டும் தோன்றுவதைக் கண்டான். "ஐயா, தொலைபேசியில் ஒருவர் இருக்கிறார். அவரைக் கேளாமல் முடிக்கலாமா?" என்று தலைவரை வினவினான். பின்பு, "தொலைபேசியில் இருக்கும் பெரியவர்களே, உடுக்குறியை அழுத்தி, பிறகு ஆறாம் எண்ணை அழுத்துங்கள்" என்றான். அடுத்த நொடியில் முதியவர் குரல் அவையில் ஒலித்தது. தலைவர் தம் பிழையை உணர்ந்து, "பெரியவரே, பொறுத்துக்கொள்ளுங்கள். மதகு இன்னும் நான்கு நாள் திறந்திருக்கும்" என்றார்.

இதனால் அறியத்தகுவது யாது? அமைதி யாவும் உடன்பாடு ஆகாது. பேசாதிருப்பவர் பேச விரும்பாதவராகவும் இருக்கலாம். பேசியும் கேட்கப்பெறாதவராகவும் இருக்கலாம். எண்ணை அழுத்தும் முறையை உறுப்பினர் அறிதல் ஒரு பாதி. ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்துக் கேட்டல் தலைவர் கடனாகிய மறு பாதி. 1916ஆம் ஆண்டில் நகரங்களைப் பெயர் சொல்லி அழைத்த முறை இன்றும் பின்பற்றத்தக்கதேயாகும்.

அவையில் ஓர் ஏட்டையோ படத்தையோ யாவர்க்கும் காட்டுதலைத் 'திரைப் பகிர்வு' என்பர். அதற்கு முன்னர்த் தம் திரையில் பிறர் காணத்தகாதன உள்ளனவா என நோக்குதல் நன்று. நிகழ்ச்சியைச் சேமித்தல் 'பதிவு' எனப்படும். பதிவு செய்வோர் அதனை முன்னரே அறிவித்தல் பண்பாடு. முகத்தின்மேல் வேடம் புனையும் வசதியும் உண்டு. 2021ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநில வழக்கு மன்றத்தில், வழக்கறிஞர் ஒருவர் முகம் திரையில் பூனைக்குட்டி முகமாகத் தோன்றியது. அவர் அதனை நீக்க அறியாது, தாம் பூனை அல்லர் என நீதிபதிக்கு எடுத்துரைக்க நேர்ந்தது. அவைக்குச் செல்லுமுன் ஆடையைத் திருத்திக்கொள்வதுபோல், கருவியையும் முன்னரே சோதித்தல் வேண்டும்.

தொலைவு காரணமாகச் சொல் சென்றடையச் சிறிது நேரம் ஆகும். இதனைக் 'காலத்தாழ்வு' என்பர். ஒரு நொடியை ஆயிரம் கூறாக்கினால் அதில் 150 கூறு வரை தாழ்ப்பின் இடர் இல்லை. 400 கூற்றைக் கடப்பின் உரையாடல் குலையும். ஒருவர் முடித்துவிட்டார் என எண்ணி மற்றவர் தொடங்க, இருவர் சொல்லும் மோதும். ஆகவே, பிறர் சொல் முற்றுப்பெற்றதை உணர்ந்து, ஒரு மூச்சளவு பொறுத்துப் பேசுவதே முறை.

விடைபெறுதற்கும் இரண்டு சொற்கள் உள. 'வெளியேறு' என்பது ஒருவர் எழுந்து செல்வதைக் குறிக்கும். 'அனைவர்க்கும் முடி' என்பது அவையையே கலைப்பதைக் குறிக்கும். பின்னது தலைவர்க்கே உரியது. வேறுபாடு அறியாது அதனைத் தொடும் தலைவர், பேசிக்கொண்டிருப்பவரை நடுவே நிறுத்தியவர் ஆவர்.

கருவிகள் ஆண்டுதோறும் மாறும். பொத்தான்களின் இடமும் பெயரும் மாறும். வந்தவரை வரவேற்றல், முறையறிந்து பேசுதல், பிறர் சொல்லைப் பொறுமையோடு கேட்டல், எளியோர் குரலையும் அவையேற்றுதல் ஆகிய பண்புகள் மாறா. இளைஞர் புதிய சொற்களை விரைந்து கற்கும் ஆற்றல் உடையர். தாம் கற்றதைத் தம் இல்லத்து முதியோர்க்கும் அண்டை அயலார்க்கும் பொறுமையோடு கற்பித்தல் அவர் கடனாகும். அவ்வாறு கற்பிப்பின், தொலைவில் இருப்பவர் எவரும் அவைக்குத் தொலைவானவர் ஆகார்.