நிலக்கரிக்குள் இருக்கும் எரிவாயு

மேற்கு வங்காளத்தில் ராணிகஞ்ச் என்ற ஊர் இருக்கிறது. பக்கத்து மாநிலமான ஜார்க்கண்டில் ஜரியா இருக்கிறது. இரண்டும் நிலக்கரிக்குப் பேர் பெற்றவை. ராணிகஞ்சில் 1774-ஆம் ஆண்டிலேயே நிலக்கரி வெட்டத் தொடங்கினார்கள்.

உயிர் குடிக்கும் வாயு

நிலக்கரிக்குள் மீத்தேன் என்ற வாயு இருக்கிறது. சாண எரிவாயு அடுப்பில் எரிவதும் இதே மீத்தேன்தான். இதற்கு நிறம் இல்லை, மணமும் இல்லை. கரியை வெட்டும்போது இது வெளியே கசியும். சுரங்கக் காற்றில் அளவுக்கு மேல் சேர்ந்தால் ஒரு தீப்பொறி போதும், வெடித்துவிடும். 2006-ஆம் ஆண்டு தன்பாத் மாவட்டத்தில் ஒரு சுரங்கம் இப்படி வெடித்தது. சுமார் 50 தொழிலாளர்கள் இறந்தார்கள்.

அதே வாயு எரிபொருள் ஆகிறது

கரியை வெட்டும் முன்பே இந்த வாயுவை எடுத்துவிட்டால் என்ன? சுரங்கத்தில் ஆபத்து குறையும். எரிபொருளும் கிடைக்கும். இதற்காக 1997-இல் மத்திய அரசு ஒரு கொள்கை வகுத்தது. 2007-இல் ராணிகஞ்ச் பகுதியில் விற்பனைக்காக வாயு எடுக்கத் தொடங்கினார்கள். அது குழாய் வழியாகத் தொழிற்சாலைகளுக்குப் போகிறது. வண்டிகளும் அதில் ஓடுகின்றன.

எப்படி எடுக்கிறார்கள்?

கோலி சோடாவைப் பார்த்திருப்பீர்கள். கோலியை அமுக்கியதும் அழுத்தம் குறைகிறது. வாயு பொங்கி வருகிறது. இங்கும் அப்படித்தான். நிலக்கரிக்குள் இருக்கும் தண்ணீர் வாயுவை அழுத்தி வைத்திருக்கிறது. பல நூறு மீட்டர் ஆழத்துக்குக் குழாய் இறக்கி, அந்தத் தண்ணீரை இறைக்கிறார்கள். அழுத்தம் குறைந்ததும் வாயு மேலே வருகிறது.

தண்ணீர் என்ன ஆகும்?

இறைத்த தண்ணீர் பெரும்பாலும் உப்பாக இருக்கும். சுத்தம் செய்யாமல் வயலில் விட்டால் மண் கெடும். நிலத்தடி நீர் குறையும் என்ற அச்சமும் உண்டு. தமிழ்நாட்டில் மன்னார்குடி வட்டாரத்தில் இப்படி வாயு எடுக்கத் திட்டம் வந்தது. விவசாயிகள் எதிர்த்தார்கள். 2020-இல் காவிரி டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆனது. அங்கே புதிதாக மீத்தேன் எடுக்கச் சட்டம் தடை விதிக்கிறது.

நம் நாடு தனக்கு வேண்டிய எரிவாயுவில் பெரும் பங்கை வெளிநாட்டிலிருந்து வாங்குகிறது. அதனால் உள்நாட்டு வாயு தேவைதான். ஆனால் எந்த மண்ணில் எடுப்பது, தண்ணீரை என்ன செய்வது என்று முதலில் கேட்க வேண்டும்.

கலந்து பேசுங்கள்

1. சுரங்கத்தில் மீத்தேன் ஏன் ஆபத்தானது?
2. வாயு எடுக்கும் முன் தண்ணீரை ஏன் இறைக்கிறார்கள்?
3. உங்கள் ஊருக்கு இப்படி ஒரு திட்டம் வந்தால் கிராம சபையில் என்னென்ன கேட்பீர்கள்?